யந்திரத்துக்கும் ஒரு கணக்குப்பிள்ளை

காசைப் போட்டால் ஸ்டாம்பு வருகிறது. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! க்யூ வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. "சில்லறை இல்லையம்மா" என்ற சிடுசிடுப்பு இல்லை. "சாப்பாட்டு நேரம், அப்புறம் வாருங்கள்" என்ற உபதேசமும் இல்லை. நடுநிசியில் போய் நின்றாலும் முகம் கோணாமல் ஸ்டாம்பை நீட்டுகிறது யந்திரம். மனிதர்களில் இப்பேர்ப்பட்ட பொறுமைசாலி கிடைப்பது துர்லபம் அல்லவா?

ஆனால், நேயர்களே, ஒரு கேள்வி. நீங்கள் போட்ட காசை விழுங்கிவிட்டு அந்த யந்திரம் கல்லுப் பிள்ளையார் மாதிரி சும்மா நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? முதலில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். அப்புறம் இரண்டு தட்டு. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "போகட்டும், தர்மம் செய்ததாக இருக்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவீர்கள்.

அந்தக் காசு எங்கே போயிற்று? அதற்கு யார் பொறுப்பு? அது உங்களுக்குத் திரும்பி வருமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடிய ஆசாமி ஒருவர் உண்டு. சாவிக் கொத்தும் கையுமாகக் காலையில் வந்து, யந்திரத்தின் கதவைத் திறந்து, காசை எண்ணி, ஸ்டாம்புச் சுருளை மாற்றி, ஒரு தாளில் கணக்கு எழுதிவிட்டுப் போகிறாரே, அவர்தான். யந்திரத்தைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவரைப் பார்த்தவர்கள் பத்துப் பேர் கூட இருக்க மாட்டார்கள்.

கோயில் தீர்த்தமும் தபால் கார்டும்

காசு போட்டால் சரக்கு வரும் என்கிற யுக்தி இன்று நேற்று வந்ததல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியா நகரத்தில் ஹீரோ என்று ஒரு மேதை இருந்தார். (சினிமா ஹீரோ அல்ல, அவர் பெயரே அதுதான்!) கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு துவாரத்தில் நாணயத்தைப் போட்டால் கொஞ்சம் புனித தீர்த்தம் வரும்படியான ஒரு யந்திரத்தை அவர் வர்ணித்திருக்கிறார். நாணயம் ஒரு தட்டில் விழும். அதன் கனத்தால் தட்டு தாழும். தட்டோடு சேர்ந்த நெம்புகோல் மறுபக்கம் உயர்ந்து அடைப்பைத் திறக்கும். தட்டு சாய்ந்து நாணயம் வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். கறிகாய்க்காரியின் தராசைப் பார்த்துப் பழகிய எந்தப் பெண்மணிக்கும் இந்தச் சூட்சுமம் உடனே விளங்கிவிடும்.

அதற்குப் பிறகு பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து, 1883-இல், லண்டன் மாநகரில் பெர்ஸிவல் எவரிட் என்பவர் தபால் கார்டு விற்கும் யந்திரத்தைக் கொண்டு வந்தார். அது ரயில் நிலையங்களில் இடம் பிடித்தது. கூடவே ஒரு தலைவலியும் பிடித்தது! குறும்புக்காரர்கள் காசு போடும் துவாரத்தில் காகிதத்தையும் ஆரஞ்சுப் பழத்தோலையும் திணித்தார்கள். ஊருக்கு ஊர் பிள்ளைகள் ஒரே மாதிரிதான்! யந்திரம் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதைக் கண்காணிக்கவும் ஆள் வேண்டும் என்ற பாடம் அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

ஸ்டாம்பு விற்பது கார்டு விற்பதைவிடக் கஷ்டமான வேலை. கார்டு விறைப்பாக இருக்கும், தள்ளினால் வந்துவிடும். ஸ்டாம்போ காற்றுக்குப் பறக்கும் சமாசாரம். முதுகில் கோந்து வேறு. மழைக்காலத்து அப்பளம் மாதிரி நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நியூஸீலந்து தேசத்தில் தபாலாபீஸ் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் டிக்கி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஸ்டாம்புகளைத் தாள் தாளாக வைக்காமல், நீளமான நாடாவாக்கிச் சுருளாகச் சுற்றினால், யந்திரம் ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் அல்லவா? அவருடைய யந்திரத்தை 1905-இல் வெலிங்டன் நகரத்துப் பெரிய தபாலாபீஸில் வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். நாள் முழுவதும் கௌண்டரில் உட்கார்ந்து ஸ்டாம்பு கிழித்துக் கொடுத்தவருக்குத்தானே அந்தக் கஷ்டம் தெரியும்!

அமெரிக்காவில் 1908-இல் தபால் இலாகாவே சுருள் ஸ்டாம்புகளை வெளியிட ஆரம்பித்தது. தனியார் கம்பெனிகள் ஓட்டை போடாத ஸ்டாம்புத் தாள்களை வாங்கி, தங்கள் யந்திரத்தின் பல்சக்கரத்துக்குத் தக்கபடி தாங்களே விதவிதமாக ஓட்டை போட்டுக்கொண்டன. மருந்துக் கடைகளில் இருந்த தனியார் யந்திரங்களிலிருந்து ஸ்டாம்புகள் சின்ன அட்டை மடிப்புக்குள் பத்திரமாக வரும். அசல் விலைக்கு மேல் கொஞ்சம் லாபமும் வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு அண்டை வீட்டில் கடன் வாங்கிய காப்பிப் பொடியை ஒரு கரண்டி கூடவே திருப்பிக் கொடுப்பதில்லையா, அதுபோல என்று ஜனங்களும் சமாதானம் செய்துகொண்டார்கள்.

டாலருக்கு எட்டு ஸ்டாம்பு

யந்திரத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதற்குப் பேரம் தெரியாது. பாக்கி சொல்லவும் தெரியாது. ஒரு கடிதத்துக்கு 13 ஸெண்ட் தபால் செலவு என்றால், ஒரு டாலருக்கு எத்தனை ஸ்டாம்பு கொடுப்பது? ஏழு கொடுத்தால் 91 ஸெண்ட். மீதி 9 ஸெண்டை என்ன செய்வது?

1977-இல் அமெரிக்கத் தபால்காரர்கள் இந்தக் கணக்கை நம் வீட்டுப் பாட்டி மாதிரி தீர்த்தார்கள். ஏழு 13 ஸெண்ட் ஸ்டாம்புகளோடு ஒரே ஒரு 9 ஸெண்ட் ஸ்டாம்பைச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாகத் தைத்துவிட்டார்கள். கூட்டிப் பாருங்கள், கச்சிதமாக ஒரு டாலர்! இங்கிலாந்தில் 1969-இல் இதற்கு இணையான சாமர்த்தியம் ஒன்று நடந்தது. 2 பென்னி, 2 பென்னி, 3 பென்னி, 1 பென்னி, 4 பென்னி என்று ஐந்து ஸ்டாம்புகளை ஒரே நாடாவில் கோத்தார்கள். கூட்டினால் 12 பென்னி. அதாவது ஒரு ஷில்லிங். ஒரு நாணயம் போட்டால் ஒரு நாடா!

மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுப்பதை நாம் கோபித்துக்கொள்கிறோம். அந்த யுக்தியை அரசாங்கங்களே கையாண்டிருக்கின்றன!

சாவிக் கொத்தும் கணக்குத் தாளும்

இனி நம் கதாநாயகரிடம் வருவோம். 1964-இல் அமெரிக்காவில் ஆளில்லாத் தபால் நிலையங்களே தோன்ற ஆரம்பித்தன. ஸ்டாம்புக்கு ஒரு யந்திரம், கார்டுக்கும் கவருக்கும் வேறு யந்திரம், நோட்டை மாற்றிச் சில்லறை தர இன்னொன்று, பார்ஸலை நிறுக்க ஒரு தராசு. ஆளில்லை என்று பெயரே தவிர, ஆள் இல்லாமல் அது ஒரு நாள் கூட நடக்காது. இந்த யந்திரங்களை எப்படி நிரப்புவது, எப்படிப் பழுது பார்ப்பது, எப்படிக் கணக்கு எழுதி மேலே அனுப்புவது என்பதற்கென்றே அமெரிக்கத் தபால் இலாகா தனிக் கையேடு போட்டு வைத்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கணக்கின் சாரம் மிகவும் எளிது. உதாரணத்துக்கு, ஒரு யந்திரத்தை நம்பி 500 டாலர் பெறுமான ஸ்டாம்பை ஒப்படைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சில நாள் கழித்துத் திறந்து பார்த்தால் 320 டாலருக்கு ஸ்டாம்பு மீதி இருக்கிறது. அப்படியானால் காசுப் பெட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும்? 180 டாலர். ஸ்டாம்பும் காசும் சேர்ந்து எப்போதும் அதே 500 ஆக இருக்க வேண்டும். அரிசி டின்னில் குறைந்தது சோற்றுப் பானையில் இருக்க வேண்டும் என்பது போலத்தான்.

இது போதாதென்று யந்திரத்தின் வயிற்றுக்குள் எண் காட்டும் கருவி ஒன்றும் உண்டு. இதுவரை எத்தனை தடவை விற்றேன் என்று அது சொல்லும். போன தடவை காட்டிய எண்ணை இந்தத் தடவை காட்டும் எண்ணிலிருந்து கழித்தால் விற்பனை தெரியும். ஆக, சாட்சிகள் மூன்று: மீதமுள்ள ஸ்டாம்பு, பெட்டியில் உள்ள காசு, எண் கருவி. மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் நிம்மதி. ஒன்று மாற்றிச் சொன்னால் அன்றைக்குத் தூக்கம் போச்சு!

காசு குறைந்தால் என்ன அர்த்தம்? யாராவது செல்லாக் காசைப் போட்டு ஏமாற்றியிருக்கலாம். ஒரு ஸ்டாம்புக்குப் பதில் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். விலை கூடிய சுருளைத் தவறுதலாகக் குறைந்த விலை யந்திரத்தில் மாட்டியிருக்கலாம். எண்ணும்போது பிசகியிருக்கலாம். அல்லது... சொல்லவே கூசுகிறது, யாருடைய கையாவது நீண்டிருக்கலாம். ஸ்டாம்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் நம்முடைய சாவிக் கொத்து மனிதர்தான். ஆகவே எல்லாருடைய கண்ணும் முதலில் அவர் பக்கம்தான் திரும்பும்.

இந்த இடத்தில்தான் அந்தத் தாளின் மகிமை தெரிகிறது. என்றைக்குத் திறந்தார், எத்தனை மணிக்கு, எண் கருவி என்ன காட்டிற்று, எவ்வளவு காசு எடுத்தார், எவ்வளவு ஸ்டாம்பு வைத்தார், என்ன பழுது கண்டார் என்பதை அன்றன்றைக்கே எழுதி வைத்தவர் தைரியமாகத் தலை நிமிர்ந்து நிற்கலாம். "ஞாபகம் இருக்கிறது, அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்று விட்டவரின் யோக்கியதையை நிரூபிக்க எந்தச் சாட்சியும் இல்லை. பால் கணக்கைக் காலண்டரில் குறித்து வைக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. குறித்து வைத்தால் பால்காரரும் நிம்மதியாக இருப்பார், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள்.

கூடினாலும் குற்றம்

குறைந்தால் குற்றம், சரி. கூடினால்? 180 டாலர் இருக்க வேண்டிய பெட்டியில் 184 இருந்தால்? "நல்லதாய்ப் போயிற்று, இலாகாவுக்கு லாபம்" என்றுதானே தோன்றும்?

இல்லவே இல்லை. ஸ்டாம்பு போகாமல் காசு மட்டும் உள்ளே வந்திருக்கிறது என்றால், யாரோ காசைப் போட்டு வெறும் கையோடு திரும்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நாலு டாலர் ஒருவரின் நாலு டாலராகவும் இருக்கலாம். எட்டுப் பேரின் ஏமாற்றமாகவும் இருக்கலாம். ஒருவேளை பென்ஷன் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஒரு கிழவியின் காசாக இருக்கலாம். அவள் தட்டிப் பார்த்திருப்பாள். கௌண்டர் மூடியிருந்திருக்கும். பேசாமல் போயிருப்பாள்.

அதனால்தான் நல்ல நிர்வாகத்தில் புகார்களும் கணக்கின் ஒரு பகுதியாக இருக்கின்றன. கௌண்டரில் வந்து "யந்திரம் என் காசை விழுங்கிவிட்டது" என்று சொல்கிறவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், அதையும் எழுத வேண்டும். சாயங்காலம் யந்திரத்தைத் திறக்கும்போது அந்தத் தொகை பெட்டியில் கூடுதலாக இருந்தால், வந்தவர் சொன்னது சத்தியம், யந்திரம்தான் பொய்யன். அடுத்த வேலை ரிப்பேர்.

அறிக்கை எழுதுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. எந்த யந்திரம் வாரத்துக்கு மூன்று தடவை காலியாகிறது, எது சீந்துவாரில்லாமல் கிடக்கிறது, எதில் 'வேலை செய்யவில்லை' என்ற அட்டை அதிக நாள் தொங்குகிறது என்பதெல்லாம் தாளைப் புரட்டினால் தெரிந்துவிடும். கிறிஸ்துமஸ் வாழ்த்துக் காலத்தில் எவ்வளவு முன்கூட்டி நிரப்ப வேண்டும் என்பதையும் போன வருஷத்துத் தாளே சொல்லும். தபால் கட்டணம் உயர்ந்தாலோ கேட்கவே வேண்டாம்! 2006 ஜனவரியில் 37 ஸெண்டிலிருந்து 39 ஆயிற்று. 2007 மே மாதம் 41 ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் யந்திரங்களின் சரக்கை மாற்றி, பழைய ஸ்டாம்பு வைத்திருப்பவர்களுக்காக 2 ஸெண்ட் ஸ்டாம்பையும் தயாராக வைக்க வேண்டும். அந்த 2007-இலேயே, விலை அச்சிடாமல், எத்தனை தடவை கட்டணம் ஏறினாலும் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு என்றென்றைக்கும் செல்லும் என்ற ஸ்டாம்பை வெளியிட்டார்கள். சாவிக் கொத்துக்காரர்கள் அதை வாழ்த்தியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சில்லறையாக வந்த இரண்டு பெண்மணிகள்

இந்த யந்திரங்களின் கதையில் இரண்டு பெண்மணிகளுக்கும் பங்கு உண்டு. முதலாமவர் ஸூஸன் ஆந்தனி. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று ஆயுள் முழுவதும் போராடியவர். 1872-இல் சட்டத்தை மீறி ஓட்டுப் போட்டதற்காகக் கைதானார். நூறு டாலர் அபராதம் விதித்தார்கள். கடைசி வரையில் அவர் அதைக் கட்டவே இல்லை! 1906-இல் அவர் காலமானார். பெண் என்ற காரணத்துக்காக ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது என்பது அமெரிக்கா முழுவதற்கும் சட்டமானது 1920-இல்தான்.

அவருடைய உருவத்தைப் பொறித்து 1979-இல் ஒரு டாலர் நாணயம் வெளியிட்டார்கள். பாவம், அதன் அகலம் 26.5 மில்லிமீட்டர், கால் டாலரின் அகலம் 24.3. கைப்பையில் துழாவினால் எது எது என்றே தெரியாது. காய்கறிக் கடையில் கால் டாலர் என்று நினைத்து முழு டாலரைக் கொடுத்துவிட்டு அப்புறம் வயிற்றெரிச்சல் பட்டார்கள் ஜனங்கள். "இந்தக் காசே வேண்டாம்" என்று ஒதுக்கினார்கள். மூட்டை மூட்டையாக அரசாங்கக் கிடங்கில் தூங்கிற்று.

அந்தக் காசுக்கு வாழ்வு கொடுத்தவை தபாலாபீஸ் யந்திரங்களும் பஸ், ரயில் டிக்கெட் யந்திரங்களும்தான். மனிதர்களுக்குக் குழப்பமாக இருந்த அளவு வித்தியாசம் யந்திரத்துக்குத் துல்லியமாகத் தெரிந்தது! பெரிய நோட்டைப் போட்டு ஸ்டாம்பு வாங்கியவர்களுக்கு மீதியாகப் பொலபொலவென்று டாலர் நாணயங்கள் கொட்டின. கடைசியில் கிடங்கே காலியாகும் நிலை வந்து, 1981-க்குப் பிறகு நிறுத்தி வைத்திருந்த அந்த நாணயத்தை 1999-இல் மறுபடியும் அச்சடிக்க வேண்டியதாயிற்று. 2000-இல் அதன் இடத்தைப் பொன்னிறமான புது நாணயம் பிடித்தது. அதில் இருப்பவர் ஸகாஜவேயா என்ற செவ்விந்தியப் பெண்மணி. முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கடை கண்ணிகளில் வேண்டாம் என்றதைத் தபால் யந்திரம் வேண்டும் என்றது!

காசு வாங்காத யந்திரம்

ஆனால் காலம் நின்ற இடத்தில் நிற்கிறதா? 1976-இலேயே ஸ்விட்ஸர்லாந்தில் புது மாதிரி யந்திரம் வந்துவிட்டது. அதற்குள் ஸ்டாம்பே கிடையாது. அலங்கார அச்சுள்ள வெறும் காகிதச் சுருள்தான். கேட்ட விலையை அந்த க்ஷணத்தில் அச்சடித்து நீட்டும். 2008-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆரம்பித்த யந்திரங்களும் இந்த ஜாதிதான். இதில் கணக்கு முறையே தலைகீழாகிவிட்டது. பழைய யந்திரத்தில் ஸ்டாம்புச் சுருளே பணம்; அது காணாமல் போனால் திருட்டு. புது யந்திரத்தில் சுருள் என்பது விலை விழும் வரையில் வெறும் காகிதம்.

அமெரிக்காவில் 2004-இல் சுமார் 2,500 புதிய யந்திரங்களை வைத்தார்கள். 70 பவுண்டு வரையில் பார்ஸலைத் தானே நிறுத்து, ஊரின் எண்ணைக் கேட்டு, கட்டணச் சீட்டை அச்சடித்துக் கொடுத்துவிடும். விற்பனைக் கணக்கையும் தானே வைத்துக்கொள்ளும். செல்லாக் காசுத் தொல்லை இல்லை. எண்ணிப் பிசகும் பயம் இல்லை. ஏனென்றால், அது காசே வாங்குவதில்லை! பாங்குக் கார்டு மட்டுந்தான். பழைய காசு யந்திரங்களுக்கோ வயதாகிவிட்டது. உதிரி பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. 2010 வாக்கில் அவற்றையெல்லாம் அப்புறப்படுத்தினார்கள்.

இதில் லாபம் அடைந்தவர்கள் அநேகம் பேர். வேலை முடிந்து இரவில் வருகிறவர்கள் ஒரு பார்ஸலையே அனுப்பிவிட்டுப் போகலாம். 1990-இல் ஸியாட்டில் நகரில் பாங்குப் பண யந்திரத்திலேயே டாலர் நோட்டு அளவில் ஸ்டாம்புத் தாள் விற்க ஆரம்பித்தார்கள். மளிகைக் கடைகளிலும் ஸ்டாம்பு கிடைக்கிறது. இதையெல்லாம் மறுக்க முடியாது.

நஷ்டம் யாருக்கு? கார்டு இல்லாதவர்களுக்கு. கைக்குட்டையில் முடிந்த சில்லறையோடு வந்து ஒரே ஒரு ஸ்டாம்பு வாங்குகிறவர்களுக்கு. இவர்கள் கௌண்டர் திறக்கும் வரையில் காத்திருக்க வேண்டும். நேற்று வரையில் யந்திரத்தின் முன்னால் கோடீசுவரரும் கூலிக்காரரும் சமமாக நின்றார்கள்; இருவர் காசும் ஒரே துவாரத்தில் விழுந்தது. அந்தச் சமத்துவம் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. பழைய தாளிலாவது, ஏமாந்த கிழவியின் நாலு டாலர் 'கூடுதல்' என்ற பெயரில் ஒரு வரியாக இடம்பெற்றது. யந்திரத்தின் முன்னால் நின்று, கார்டு இல்லாமல் திரும்பிப் போகிறவரைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரி விழுவதில்லை. விற்காத ஸ்டாம்புக்கு ஏது கணக்கு?

சாவிக் கொத்து மனிதருக்கும் வேலை முற்றிலும் போய்விடவில்லை. காகிதச் சுருள் தீர்ந்தால் மாற்ற வேண்டும். அச்சு சிக்கினால் எடுக்க வேண்டும். பார்ஸல் பெட்டி நிரம்பினால் காலி செய்ய வேண்டும். யந்திரம் தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளும். ஆனால் தன் வயிற்றில் சிக்கிய காகிதத்தைத் தானே எடுத்துக்கொள்ளாது!

உங்கள் பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருந்து, பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறீர்களா? அங்கிருந்து ஊருக்குக் கடிதம் போட ஆசைப்பட்டால், கையில் காசு மட்டும் இருந்தால் நேரே கௌண்டருக்குப் போங்கள். அங்கே மனிதர் இருப்பார். யந்திரத்தில் கார்டு போட்டு வாங்கினால் ரசீதை உடனே கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். எந்த ஊரிலானாலும், எந்த யந்திரமானாலும், பணத்தை வாங்கிக்கொண்டு சரக்கைத் தராவிட்டால் "தர்மம்" என்று விட்டுவிடாதீர்கள். எந்த யந்திரம், என்ன நேரம், எவ்வளவு பணம் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே அங்குள்ளவரிடம் சொல்லுங்கள். உங்களுக்குக் காசு திரும்புவது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுக்குப் பின்னால் வரும் அடுத்த அம்மாளின் காசாவது தப்பும். கணக்கு எழுதுகிற மனிதருக்கும் அன்றிரவு நல்ல தூக்கம் வரும்.